80 கிலோமீற்றருக்கு எவ்வளவு ஒட்சிசன்?

நோயாளர் காவு வண்டி என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருபவை அதன் வேகமும் அலறலும்தான். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்போர் அரிது. மன்னார் மக்கள் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

1990 என்ற இலக்கம் மன்னாருக்கு நல்ல நினைவன்று. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்ந்ததும், தலைமன்னார் ரயில் நின்றதும், முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும் அவ்வாண்டில்தான். இன்று அதே இலக்கம் உயிர்காக்கும் தொலைபேசி எண்ணாகிவிட்டது. இந்திய நன்கொடையில் 2016 ஜூலையில் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' சேவை, 2018 ஜூலை 21 அன்று வட மாகாணத்துக்கும் வந்தது. கட்டணம் கிடையாது. பெரும் பேறுதான்.

ஆயினும் 1990 வண்டியின் முதன்மைப் பணி, நோயாளியை அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் சேர்ப்பது. மன்னார் வைத்தியசாலையிலிருந்து மேற்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர் வைத்தியசாலையின் வண்டியில்தான் செல்லவேண்டும். வவுனியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர்; யாழ்ப்பாணம் அதைவிடத் தொலைவு.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கடும் மூச்சுத்திணறல் உள்ள ஒருவருக்கு நிமிடத்துக்கு 10 லீற்றர் ஒட்சிசன் தேவை என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வவுனியாவை அடைய 80 நிமிடங்கள். ஆக, 800 லீற்றர். கையில் தூக்கிச் செல்லும் 'ஈ' வகைச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 680 லீற்றர் கொள்ளும். நகரத்தில் 15 நிமிடப் பயணத்துக்கு அது தாராளம். மன்னார் வீதியிலோ, வவுனியாவுக்குப் 12 கிலோமீற்றர் முன்னரே தீர்ந்துபோகும். மாடு குறுக்கிட்டாலும் மழை பிடித்தாலும் அதற்கும் முன்னரே.

எனவே உபகரணப் பட்டியலைத் தூரமே தீர்மானிக்கவேண்டும். ஐரோப்பாவின் இ.என். 1789 தரம் 1999இல் வெளியாகி, 2007இலும் 2020இலும் புதுப்பிக்கப்பட்டது. இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 125 தரம் வண்டிகளை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. மருத்துவம் வளர வளரப் பட்டியலும் வளரவேண்டும் என்பதே இவற்றின் பாடம்.

மன்னாரிலிருந்து வெளிமாவட்டம் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தப்பட்ட பெரிய சிலிண்டரும் மாற்றுச் சிலிண்டரும் வேண்டும். சளியுறிஞ்சும் கருவி, இதய அதிர்வுக் கருவி, பிரசவப் பொதி, பச்சிளங் குழந்தைக்கு அளவான சுவாச முகமூடி ஆகியனவும் வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. ஆகவே புறப்படுமுன் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்துக் கையொப்பமிடும் வழக்கமும் தரத்தின் பகுதியாகவேண்டும்.

இவற்றைக் கேட்பது ஆடம்பரமன்று. கொழும்பில் 15 நிமிடங்களுக்குப் போதுமான பட்டியல், மன்னாரில் 80 நிமிடங்களுக்குப் போதாது. நம் மாவட்டப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்தில் எத்தனை வண்டிகள் என்று மட்டும் கேளாதிருக்கட்டும். எத்தனை லீற்றர் என்றும் கேட்கட்டும்.