கண்ணின் குற்றமோ, கருவியின் குற்றமோ?

ஒரு பொருள் மங்கித் தோன்றுமாயின், மங்கியது அப்பொருளோ, இடைநிற்கும் கருவியோ, காணும் கண்ணோ என்று ஆராய்வோர் சிலரே. பெரும்பாலோர் முதலில் அகப்பட்டதன்மேல் பழியை ஏற்றி அமைகின்றனர். இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றிலேன். எம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியினிடம் கற்றேன். இது நகைப்புக்கிடமாகலாம்; ஆயினும் இறுதிவரை படிப்போர் நகையார் என நம்புகிறேன்.

எம் ஊர் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள பெரியபட்டினம். என் பாட்டனார் நாற்பது ஆண்டுகள் கடலில் தொழில் செய்தவர். கிரிக்கெட் ஆட்டத்தில் அவருக்குள்ள விருப்பம் மிகப் பழையது. 1982ஆம் ஆண்டில் இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர், இக்கரையோர ஊர்களில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி அதனைக் கண்டோர் பலர். ஒருவர் கூரைமேல் ஏறிக் குழாயைத் திருப்புவார். ஒருவர் முற்றத்தில் நிற்பார். உள்ளிருப்பவர் ‘தெரிகிறது, தெரிகிறது’ என்று கூவுவார். படத்தில் புள்ளிமழை பொழிந்தாலும் பாட்டனார் பந்தைக் கண்டுவிடுவாராம். “தூரத்து அலையில் வலை மிதப்பைக் காண்பவனுக்குப் பந்து தெரியாதா?” என்பது அவர் பெருமை.

2024ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இரவு பார்படோசு தீவில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. வளைகுடா நாட்டிலிருந்து என் சிற்றப்பா வாங்கி அனுப்பிய, ‘4கே’ எனப்படும் மிகைத் தெளிவுப் பெட்டியின் முன் உறவினரும் அயலாரும் கூடியிருந்தோம். தென்னாப்பிரிக்கருக்குக் கடைசி ஓவரில் 16 ஓட்டங்கள் வேண்டும். முதற் பந்தை டேவிட் மில்லர் உயர அடித்தார். எல்லையோரம் ஓடிவந்த சூரியகுமார் யாதவ் அதனைப் பிடித்து, எல்லைக்கப்பால் கால் செல்லுமுன் மேலே எறிந்து, மீண்டும் உள்ளே வந்து பற்றினார். கால் எல்லைக் கயிற்றிற் பட்டதா என்பதே அவ்வேளை உலகத்தின் வினா. மூன்றாம் நடுவர் ஆட்டமிழந்தார் எனத் தீர்ப்பளித்தார். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது.

அந்தக் கணத்தில் எம் பெட்டியில் தெரிந்தது யாது? புல்தரை பச்சைச் சதுரங்களாய் உடைந்தது, பந்து மறைந்தது, கயிறு கரைந்தது. எல்லோரும் ஆர்ப்பரித்தோம். பாட்டனார் ஒருவரே எழுந்து, “பந்தும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. என் கண் போயிற்று, தம்பி” என்று கூறித் திண்ணைக்குச் சென்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நானுந்தான் கயிற்றைக் காணவில்லை. அங்கிருந்தோர் ஒருவரும் கண்டிரார். வருணனையாளர் குரலைக் கேட்டே கூவினோம். ஆயினும் ‘எங்களுக்கும் தெரியவில்லை’ என்று அம்முதியவரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆராயத் தொடங்கினேன். 4கே படம் ஒன்றில் குறுக்கே 3,840உம் நெடுக்கே 2,160உமாக 82,94,400 புள்ளிகள் உள்ளன, முழு எச்.டி. படத்தைப்போல் நான்கு மடங்கு. விளையாட்டெனின் ஒரு நொடிக்கு 50 அல்லது 60 படங்கள் வேண்டும். இத்துணையும் அப்படியே அனுப்புதல் இயலாமையின், முற்படத்தினின்றும் மாறிய பகுதிகளையே பெரும்பாலும் சுருக்கி அனுப்புகின்றனர். ஆட்டக்காரர் நிற்கும்போது மாற்றம் சிறிது. பந்தின் பின்னே காமிரா விரையும்போதோ, திரையிலுள்ள ஒவ்வொரு புல்லும் மாறுகின்றது. வரும் செய்தி போதாதாயின் படம் சதுரங்களாய் உடையும். எக்கணத்தைக் காண மிக விழைகின்றோமோ, அக்கணத்திலேயே அது நம்மைக் கைவிடுகின்றது!

கிழிந்த வலையை அங்குமிங்கும் தூக்கிப் பார்த்தல் கூடாது. ஒரு மூலையில் தொடங்கிக் கண் கண்ணாகத் தடவிச் செல்லவேண்டும் என்பது பாட்டனார் கற்பித்த பாடம். நோயின் முதலை நாடச் சொன்ன வள்ளுவர் கருத்தும் அதுவன்றோ? ஆகவே படம் வீட்டினுட் புகும் இடத்தில் தொடங்கினேன். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே பிடியைப் பார்த்தேன்.

உப்புக்காற்றே குற்றவாளி என்றெண்ணி இணைப்பு முனைகளைத் துடைத்தேன், பயனில்லை. பின்னர் வரும் படத்தின் அளவை நோக்கினேன். 2160 இருக்கவேண்டிய இடத்தில் 480 இருந்தது! 4கே காட்சிக்கு நொடிக்கு ஏறத்தாழ 25 மெகாபிட் வேண்டும். குறைந்தால் செயலி தானே தரத்தைத் தாழ்த்திவிடும். வைஃபைப் பெட்டி முன்னறையில்; தொலைக்காட்சி பின்னறையில்; இடையே முன்னோர் எழுப்பிய தடித்த சுவர். விரைவு மிக்க 5 கிகாஹெர்ட்சு அலைக்குச் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. லேன் கேபிள் ஒன்றை வாங்கிப் பெட்டியோடு நேரே இணைத்தேன். சதுரங்கள் மறைந்தன.

ஆயினும் பந்துக்கு வால் முளைத்திருந்தது. இல்லாத படங்களை இடையே புனைந்து சேர்க்கும் ‘அசைவு மென்மை’ அமைப்பே அதன் காரணம், அதனை நிறுத்தினேன். இரைச்சல் நீக்கும் அமைப்போ, சிறிய வெண்பந்தையும் இரைச்சலென்று கருதித் தேய்த்துவிடும், அதனையும் நிறுத்தினேன். கண்ணைப் பறிக்கும் மிகைவண்ணத்தையும் கூர்மையையும் தாழ்த்தினேன். புறப்பெட்டி வைத்திருப்போர் எச்.டி.எம்.ஐ. கம்பி 4கே படத்தை நொடிக்கு 60 முறை தாங்குமா என்பதையும் பார்த்தல் நன்று.

இப்போது கயிறு தெளிவாய்த் தெரிந்தது. பெருமிதத்தோடு பாட்டனாரை அழைத்தேன். “உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, தாத்தா; குற்றம் பெட்டியினுடையதே” என்றேன். அவர் நெடுநேரம் நோக்கினார். “இன்னும் புகைபோலத்தான் இருக்கிறது, தம்பி” என்றார்.

என் பெருமிதம் அடங்கியது. மூலையிலிருந்து தொடங்கியவன், கடைசிக் கண்ணியைத் தடவாமல் விட்டிருந்தேன். வலை ஊசியில் நூல் கோக்க அவர் என்னை அழைத்த நாட்களும், கிண்ணத்துக்கு வெளியே காப்பி ஊற்றியதை நாங்கள் சிரித்த நாட்களும் அப்போதே நினைவுக்கு வந்தன. மதுரைக் கண் மருத்துவமனையில் இரு கண்களிலும் புரை என்றனர். முதலில் வலக்கண்ணில் புரையை நீக்கி வில்லை பொருத்தினர். பெட்டி பழுதாகவே இருந்திருப்பின், யாம் அதனைப் பழித்திருப்போம். அவர் முதுமையைப் பழித்துத் திண்ணையில் இருந்திருப்பார். ஒரு குற்றம் நீங்கியபோதே மற்றொன்று புலப்பட்டது.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனுக்கு நம் ஆண்டவர் இருமுறை கை வைத்தார். முதல்முறை தொட்டபின், தான் கண்டது தெளிவன்று என்பதை அவன் மறைக்கவில்லை. நன்றாய்த் தெரிகிறது என்று நாணத்தால் சொல்லியிருப்பானாயின்? வகுப்பில் விளங்காத பாடத்துக்குத் தலையசைக்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவு வருகின்றது.

கண்கட்டு அவிழ்ந்த பின்னர் ஒரு மாலை, பாட்டனார் அப்பிடியை மீண்டும் கண்டார். “காலுக்கும் கயிற்றுக்கும் நடுவே இடம் இருக்கிறது, நடுவர் சொன்னது சரிதான்” என்றார். பின்னர் என் பக்கம் திரும்பி, “அன்றைக்கு உனக்குத் தெரிந்ததா, தம்பி?” என்று வினவினார்.

“தெரியவில்லை, தாத்தா” என்றேன். அன்றிரவே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.