கேட்காதவன்

பாண்டியை நான் அடித்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏழெட்டு மாதம். பிரம்பை எடுத்ததில்லை என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. கழுத்தில் மாட்டுகிற தோல்வாரை இரண்டாக மடித்து முகத்திலேயே அடித்தேன். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டியா?" என்று கத்திக்கொண்டே அடித்தேன்.

பாண்டி ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தத் தபால்தலை என் பர்ஸில் வெகுநாள் இருந்தது. ஊருக்குப் போனபோது நாற்பது நாள் குட்டியாக வாங்கி மும்பைப் பக்கத்து அம்பர்நாத்துக்குக் கொண்டுவந்தேன். அதுவரை எங்கள் கட்டடத்தில் நான் வெறும் மதராஸி. குட்டியோடு கீழே இறங்கிய நாளிலிருந்து நின்று விசாரித்தார்கள். அந்த ருசிதான் என்னை நாய்க் கண்காட்சி வரை இழுத்துப் போனது.

புனேயில் ஒரு கண்காட்சி நடக்கப்போவதாக மாட்டு டாக்டர் சொன்னார். அவரே நல்ல யோசனையும் சொன்னார்: முதல் தடவை நாயில்லாமல் போய், ரிங் ஓரமாக நின்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள் என்று. நான் கேட்கவில்லை. சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு, தோலுக்கடியில் மைக்ரோசிப், முன்கூட்டியே அனுப்பவேண்டிய நுழைவுப் படிவம் என்று எல்லாவற்றுக்கும் அலைந்தேன். வாங்கிய இடத்தில் பெற்றோர் விவரம் எழுதிய தாள் எதுவும் தரவில்லை. நாட்டு நாய்களை நடுவர்கள் நேரில் பார்த்துப் பதிவுக்கு ஏற்கும் வழி இருந்ததால் பிழைத்தேன்.

பழக்குவதுதான் பெரும்பாடு. நான்கு காலும் சதுரமாக ஊன்றி நிற்க வேண்டும், பல்லைக் காட்டவேண்டும், என் இடப்பக்கம் சீராக ஓடவேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அத்தனையும் செய்வான். திரும்பி நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அசையமாட்டான். திமிர் என்று நினைத்தேன். அந்தத் தீபாவளிக்குக் கட்டடத்து நாய்களெல்லாம் படிக்கட்டடியில் நடுங்கிக் கிடக்க, பாண்டி சரவெடிக்குப் பக்கத்தில் அயர்ந்து தூங்கினான். "நம்ம ஊர் ரத்தம்" என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

கண்காட்சி மைதானத்தில் எங்கள் முறைக்குக் காத்திருந்தபோது ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. அத்தனை நாய்களும் துள்ளின. எனக்கு அடுத்து சிப்பிப்பாறை நாய் ஒன்றைப் பிடித்திருந்த பெரியவர் பாண்டியையே பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங் தம்பி, இவன் திரும்பிக்கூடப் பாக்கலீங்களே?"

சாவிக்கொத்தை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் குலுக்கினார். காது மடல்கூட அசையவில்லை.

"வெள்ளையில இது வருமுங்க" என்றார்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள்தான் உள்காதையும் காக்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். ராஜபாளையத்தில் மட்டுமல்ல, டால்மேஷியனிலும் இது உண்டு. நான் தூக்கி வந்த நாற்பதாம் நாளிலேயே அவன் காது போயிருக்கிறது. பாண்டி என்ற பெயரை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த நிமிஷம் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. கட்டடத்தில் என்ன சொல்வது என்பதுதான் முதலில் வந்தது. அவனை ரிங்கில் இறக்காமலே வேனில் ஏற்றினேன். பாண்டிக்கு வயிறு சரியில்லை என்று ஒரு வாரம் பொய் சொன்னேன், மனைவியிடமும்தான். அவள் ஒரு நாள் வாரை எடுத்து என் முன்னால் போட்டு, "இத வெச்சு அடிச்சீங்களே, அப்பவும் அவன் உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்" என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இப்போது கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுகிறேன். அதிர்வு உணர்ந்து திரும்புகிறான். உள்ளங்கையை விரித்தால் வருகிறான், விரலைத் தாழ்த்தினால் உட்காருகிறான். இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டான். தோல்வாரைத் தூக்கிப் போட்டுவிட்டு நூல்கயிறு வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை எடுக்க ஆணியை நோக்கிக் கையை உயர்த்தும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான்.