வழமைபோல்

சென்ற ஆண்டின் நாட்குறிப்பேட்டை அண்மையில் ஒரு மாலைப்பொழுதிற் புரட்டிக்கொண்டிருந்தேன். முதற் பக்கங்களில் எழுத்துக்கள் நெருங்கிக் கிடந்தன. பெப்ருவரி தொடக்கம் அவை சுருங்கலாயின. ‘விரிவுரை, நூலகம், விடுதி’ என மூன்று சொற்களில் நாட்கள் முடிந்தன. பின்னர் அம்மூன்று சொற்களையும் எழுதும் பொறுமை எனக்கு இல்லாமற் போயிற்று. ‘வழமைபோல்’ என்ற ஒற்றைச் சொல்லே பக்கம் பக்கமாக வந்தது. எண்ணிப் பார்த்தேன், 114 நாட்கள். அந்நாட்களிலும் உண்டிருப்பேன், சிரித்திருப்பேன், யாரோடோ பிணங்கியும் இருப்பேன். அவற்றுள் ஒரு நாளையேனும் இன்று என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

இதனை என் மறதியின் குறை என்று மாத்திரம் கொள்ள இயலாது. இளமையில் ஆண்டுகள் நீண்டு தோன்றுவதும் வயது ஏற ஏற அவை குறுகித் தோன்றுவதும் ஏன் என்ற வினாவை அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளிவந்த தமது பெருநூலில் ஆராய்ந்தார். புதிய அனுபவங்கள் குறைந்து பழக்கம் மிகும்போது நாட்கள் நினைவிற் கரைந்துபோக, ஆண்டுகள் உள்ளீடற்றனவாகின்றன என்பது அவர் கண்ட விளக்கம். நம் தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் மருட்கைக்கு நிலைக்களன்களைக் கூறுமிடத்துப் புதுமையையே முதலில் வைத்தார். வியப்பில்லாத நாளை மனம் சேமித்து வைப்பதில்லை போலும்.

இவ்வுண்மையை நூல்களிற் காண்பதற்கு முன்னரே நான் பட்டறிந்திருந்தேன். தலவாக்கலைப் பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் என் தந்தையார் காலமானார். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அவரை நினைக்குந்தோறும் ஒரே காட்சிதான் வருகின்றது. கவ்வாத்துக் கத்தியைக் கூரையிற் செருகிவிட்டு, வாசற்படியில் அமர்ந்து சாயத்தண்ணீர் குடிக்கும் காட்சி. ஆயிரக்கணக்கான மாலைகள் அந்த ஒரு மாலைக்குள் அடங்கிவிட்டன. ஒருமுறை மாத்திரம் அவர் வேலைக்குச் செல்லாது, என்னைத் தோளிலேற்றிச் சென். கிளயர் நீர்வீழ்ச்சியைக் காட்டக் கூட்டிச் சென்றார். அந்நாளின் ஈரக்காற்று இன்றும் என் கன்னத்தில் இருக்கின்றது.

இதற்காகத் தந்தையாரைக் குறை கூறுவது தகாது. தோட்டத்தில் வழமை என்பது சோம்பலினால் வந்ததன்று. காலையிற் பெரட்டுக்களத்திற்குப் பிந்தினால் அன்றைய பேர் இல்லை. நிறுவையிற் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஏறத்தாழ வாரத்திற்கொருமுறை அதே மலைக்கு, அதே நிரைக்கு, அதே செடிக்குத் திரும்பியாக வேண்டும். இத்தகையோரை நோக்கி ‘வழமையை உடைத்தெறியுங்கள்’ என்று உரைப்பது எளிது. அதற்குரிய விலையைக் கொடுப்பவர்கள் அவர்களே.

அவ்விலையைக் கொடுத்து என் தாயார் சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை பேராதனைக்கு வந்தார். முன்னறிவித்தல் எதுவுமில்லை. கலஹாச் சந்தியில் நின்று தொலைபேசியில் அழைத்தார். பதறியடித்து ஓடினேன்.

“என்னம்மா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல தம்பி. ஒன்னையப் பாக்கணும் போல இருந்துச்சு. இன்னைக்குப் பேரு போனாப் போகட்டும்னு வந்துட்டேன்.”

கையில் ரொட்டியும் சம்பலும் கட்டிய பொதி இருந்தது. உண்மையைச் சொல்வதானால், என் முதல் எண்ணம் பத்து மணி விரிவுரையைப் பற்றியதாகவே இருந்தது. விடுதி வாசலில் அரைமணி நேரம் பேசிவிட்டு அடுத்த பேருந்தில் ஏற்றிவிடலாம் எனக் கணக்கிட்டேன். அவ்வாறு செய்திருந்தால் அன்றிரவும் நாட்குறிப்பில் ‘வழமைபோல்’ என்றே எழுதியிருப்பேன். அவ்வேளை வாசற்படியில் அமர்ந்திருக்கும் தந்தையாரின் உருவம் கண்முன் வந்தது. விரிவுரைக்கு நான் போகவில்லை.

இருவரும் நடந்தே தாவரவியற் பூங்காவிற்குச் சென்றோம். இரண்டு ஆண்டுகளாக அதன் வாசலைப் பேருந்தில் கடந்திருந்தேனேயன்றி உள்ளே அடி வைத்ததில்லை. பூங்காவை வளைத்தோடும் மகாவலியின் கரையருகே அமர்ந்து ரொட்டியைப் பிய்த்து உண்டோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நடுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 1824 இல், சீனத்திலிருந்து வந்த தேயிலை இப்பூங்காவில் நடப்பட்டது என்று படித்ததைச் சொன்னேன். தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“அத இங்கயே பூச்செடி மாதிரி விட்டிருக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தார்.

பின்னர் அவர் தம்மைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட கதை; அதற்குப் பிறகும் சில காலம் கொழுந்துக் கூடைக்குள் பாடப்புத்தகத்தை மறைத்து மலைக்குக் கொண்டுசென்ற கதை. இத்தனை ஆண்டுகளில் நான் ஒருநாளும் கேளாதவை. லயத்து வீட்டில் அவற்றைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்ததில்லை. கேட்க எனக்கும் தோன்றியதில்லை. அன்றைய பக்கம் போதாமல் மறுநாட் பக்கத்திலும் எழுதியிருக்கின்றேன்.

வழமையை நான் இகழவில்லை. எனக்குச் சோறிட்டதும் என்னைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியதும் என் பெற்றோரின் வழமையே. ஆயினும் அதனுள் முற்றாக மூழ்கிப் போகாதிருக்க நெடும்பயணமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. இதுவரை செல்லாத பாதையால் விடுதிக்குத் திரும்பலாம். நாள்தோறும் நமக்கு உணவு பரிமாறுபவரின் ஊரைக் கேட்டறியலாம். பரீட்சை நெருங்காத நாளிலும் குறிஞ்சிக் குமரன் கோவிலுக்கு ஏறிப் போகலாம்.

இவ்வாண்டு நாட்குறிப்பில் அந்த ஒற்றைச் சொல்லை எழுதுவதில்லை என உறுதி பூண்டிருக்கின்றேன். எழுத ஒன்றுமில்லாத மாலைகளில் வெளியே சென்று ஏதேனும் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகின்றேன். அடுத்த விடுமுறையில், தாயாரின் பேர் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அவரை அந்த நீர்வீழ்ச்சிக்கு அழைத்துச் செல்லவிருக்கின்றேன். தம் பேரை இழந்து தந்தையார் என்னைத் தோளிலேற்றிய அந்த நாளில், மாலையில் வீடு திரும்பி அவர் என்ன சொன்னார் என்று தாயாரிடம் கேட்க வேண்டும்.