கொழுந்தில் ஏறும் மண்

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு, பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு பொழுதைக் கழித்துத் திரும்புவது வழக்கம். இன்னும் ஒரு நாள் கையிலிருக்குமாயின், தெல்தோட்டைப் பக்கமாக லூல்கந்துராத் தேயிலை மலைக்கும் சென்று வருதல் நன்று. ஒரு செடி மண்ணைச் சுவையாக மாற்றும் விந்தையை அங்கே கண்ணாரக் காணலாம்.

மகாவலி கங்கையின் வளைவிலே 1821 இல் அமைந்த பேராதனைப் பூந்தோட்டத்துக்கு, 1839 இல் அசாம் தேயிலை விதைகள் வந்து சேர்ந்தன. அக்காலத்தில் இம்மலைகளில் கோப்பியே கோலோச்சியது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் அதனைப் படிப்படியாக அழித்தது. அதற்கு ஈராண்டு முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் அது மலைநாடெங்கும் பரவியது.

தேயிலைக்குப் புளிப்பு மண்ணே உகந்தது. பல பயிர்களுக்கு நஞ்சாகும் அலுமினியத்தைக்கூட அது உறிஞ்சி, முற்றிய இலைகளில் ஒதுக்கி வைத்துவிடும். எனினும் அது பெரிதும் நாடுவது நைதரசனையே. வேர் நைதரசனை உறிஞ்சித் தியனீன் என்னும் பொருளை ஆக்குகின்றது; அது தண்டின் வழியே ஏறி இளங்கொழுந்தை அடைகின்றது. தேநீரின் இன்சுவைக்கு ஒரு காரணம் இதுவே. வெயில் மிகும்போது தியனீன் குறைந்து, துவர்ப்புப் பொருள்கள் பெருகுகின்றன. நமக்குச் சுறுசுறுப்பூட்டும் கஃபீனும் இளங்கொழுந்தில் உருவாவதே. அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு நைதரசன் அணுக்கள் உள்ளன. பூச்சிகளிடமிருந்து இளந்தளிரைக் காக்கும் காவற்பொருள் அது என்பர் அறிஞர்.

காட்டு மரத்தின் இலை அதன் அடியிலேயே உதிர்ந்து, மக்கி, மண்ணுக்கு மீளும். தேயிலைக் கொழுந்துக்கோ அப்பேறு இல்லை. கூடையேறித் தொழிற்சாலை சென்று, கப்பலேறிக் கடல் கடந்துவிடுகின்றது. தேயிலைத் தூளில் ஏறத்தாழ 4 வீதம் நைதரசன் உண்டு. ஆகவே 1,000 கிலோ தூள் மலையை விட்டு இறங்கும்போது, சுமார் 40 கிலோ நைதரசனும் உடன் இறங்குகின்றது. சரிவில் மழைநீர் அரித்துச் செல்லும் மண் வேறு!

இக்கடனை எவ்வாறு தீர்ப்பது? கவ்வாத்து செய்த கிளைகளை மலையிலேயே விட்டுவைக்கலாம். அரிப்பைத் தடுக்கக் கான் வெட்டலாம். நிழலுக்கு நிற்கும் முள்முருக்கு, கிளிரிசீடியா ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைதரசனைப் பிடித்துத் தருகின்றன. அம்மரங்களின் தழையும் நல்லுரமாகும். ஆயினும் பெருமளவு விளைச்சலுக்கு இவை மட்டும் போதாமையால், தோட்டங்கள் இரசாயன உரத்தையும் நம்பி வந்துள்ளன.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 25 கோடியாகச் சுருங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அதற்குத் துணைநின்றது. இயற்கை உரம் நல்லதே. ஆனால் அது மெல்ல மக்கி மெல்லவே உணவூட்டும். பல்லாண்டு பழக்கத்தை ஒரே நாளில் மாற்றினால் செடி வாடாமல் என் செய்யும்? செடி வாடினாற் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால், பறித்த நிறையைக் கொண்டு கூலி பெறும் தாய்மாரின் அடுப்பும் வாடும்.

லூல்கந்துராவில் டெயிலர் அமர்ந்து மலைகளை நோக்கினார் எனப்படும் கல்லாசனம் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்க்குங்கால் கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையே தோன்றும். மாணவர்கள் அப்பசுமையோடு நில்லாது, அதன் கீழுள்ள மண்ணையும் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார்களாக. நாம் பருகும் தேநீருக்கு முதல் அதுவே. முதலைக் கரைத்து உண்ட குடும்பம் செழித்ததில்லை.