ஃபார்கோவுக்கு பொட்டி கட்டுறவங்க கவனத்துக்கு

போன வாரம் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணே, ஃபார்கோல வேலை கெடச்சிருக்கு. எத்தனை ஸ்வெட்டர் எடுத்துட்டு வரட்டும்?"

ஒண்ணும் வேணாம்டான்னேன். பாண்டி பஜார் ஸ்வெட்டர் ஊட்டிக்குப் போதும். வடக்கு டகோட்டாவுக்கு அது கர்ச்சீப் மாதிரி! கோட்டு, பூட்ஸ் எல்லாம் இங்கே வந்து வாங்கிக்கலாம்.

ஒன்றேகால் லட்சம் பேர் சொச்சம் இருக்கிற ஊர். பனியுகத்துல இங்கே இருந்த அகாசிஸ்ங்கற பிரம்மாண்டமான ஏரியோட தரைதான் இந்த இடம். அதனால மேடு பள்ளமே கிடையாது. கனடா பக்கம் கிளம்புற காத்து நேரா நம்ம மூஞ்சியில வந்துதான் நிக்கும். மைனஸ் 20 ஃபாரன்ஹீட்டும் 20 மைல் வேகக் காத்தும் சேர்ந்தா உடம்புக்கு மைனஸ் 48 மாதிரி உறைக்கும். மைனஸ் 40 வந்தா மட்டும் செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு குழம்ப வேணாம், ரெண்டும் ஒண்ணுதான் :-)

ராத்திரியில செல்போனுக்கு சார்ஜ் போடுற மாதிரி காருக்கும் வயர் சொருகணும். எஞ்சினைச் சூடா வெச்சுக்க பிளாக் ஹீட்டர். டிக்கியில போர்வை, மண்வாரி, சாக்லேட் கட்டாயம். வழியில பனியில மாட்டிக்கிட்டா வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. சைலன்சர் வாயை அடைச்ச பனியைத் தள்ளாம எஞ்சினை ஓடவிட்டா கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துடும். புயல் வந்தா ஹைவேக்கே கேட் போட்டு மூடுற ஊர் இது, மீட்டிங் இருக்குன்னு கிளம்பாதே.

இதெல்லாம் யார் வேணா சொல்லுவாங்க. எனக்கு யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு.

நான் வந்து மூணு மாசம் ஆன ஜனவரி. ராத்திரி பத்து மணிக்கு குப்பை போடப் போனேன். டி-ஷர்ட், லுங்கி, ரப்பர் செருப்பு. அம்பதடி தூரம்தானே! திரும்பி வந்தா அபார்ட்மெண்ட் வாசக்கதவு தானா பூட்டிக்கிச்சு. சாவியும் போனும் உள்ளே.

முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல உதடு அசையல. விரல் பயங்கரமா வலிச்சுது, அப்புறம் வலி நின்னுடுச்சு. நின்னதும்தான் நிஜமாவே பயம் வந்துச்சு. இந்தக் குளிர்ல தோல் உறைய பத்து நிமிஷமே போதும். பஸ்ஸர் பலகையில பன்னிரண்டு பேர் இருந்துச்சு. அதுல ஒருத்தர் முகம்கூட எனக்குத் தெரியாது. மூணு மாசமா குல்லாவை இழுத்துவிட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சே போய் வந்தவன் நான்.

எல்லா பட்டனையும் அமுக்கினேன். கடைசியில ஒரு பெரியவர் வந்து திறந்தார். யார் நீன்னு கேட்டார். "உங்க தலைக்கு மேலே குடியிருக்கேன்"னு உளறினேன்.

"ஓ, காலையில மிஷின் ஓட்டறவனா!" சட்னி அரைக்கிற என் மிக்ஸி, மூணு மாசமா அவருக்கு அலாரம்.

கையைப் பரபரன்னு தேய்க்கப் போனேன், பிடிச்சு நிறுத்திட்டார். உறைஞ்ச தோலைத் தேய்ச்சா பிஞ்சுடுமாம். வெதுவெதுன்னு தண்ணி வெச்சு அதுல முக்கச் சொன்னார். உயிர் திரும்பி வர்ற வலி இருக்கே... அதை எழுத முடியாது. விரல் பிழைச்சுது. இடது காது நுனி மட்டும் இன்னமும் முதல் குளிருக்கே குத்தும்.

"நீங்கதான் அங்கே இருக்கீங்களே, எனக்கென்ன கவலை"ன்னான் ஜூனியர். நான் இருக்கிறது நாலு மைல் தள்ளிடான்னேன்.

ஸ்வெட்டர் இடத்துல முறுக்கு ரெண்டு பொட்டலம் வைக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணு கீழ் வீட்டுக்கு.