ஆறு மணிக்குள் ஒரு மீட்டர் பாதை

திரோல், ஆஸ்திரியா
செப்டம்பர் 2024



ஆவணி முடியும் முன்பே இங்கே மலையில் பனி கொட்டிவிட்டது. மரங்களில் இலை உதிரவில்லை. ஈரப்பனியின் பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து தெருவில் கிடந்தன. விடிவதற்குள் எதிர்வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். தம் வாசலை முடித்துவிட்டு, பனி தள்ளும் பலகையோடு நின்றார். "ஆறு மணி ஆகப்போகிறது, உங்கள் பக்கம் அப்படியே கிடக்கிறதே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இந்நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 93-ஆம் பிரிவு என்று ஒன்று. ஊருக்குள் மனை வைத்திருப்பவர், மூன்று மீட்டருக்குள் நடைபாதை இருந்தால், தம் மனையின் நீளம் முழுக்க அதைக் காலை 6 மணி முதல் இரவு 10 வரை பனியும் அழுக்கும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். வழுக்கினால் சரளை தூவ வேண்டும். நடைபாதையே இல்லையா? சாலையோரம் ஒரு மீட்டர் அகலம் அவர் பொறுப்பு. தெருப்பக்கக் கூரையில் தொங்கும் பனியையும் தட்டிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதி இதை வாடகைக்காரர் தலையில் வைக்கலாம். எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. யாராவது விழுந்து கால் ஒடிந்தால் வழக்கு நம் மேல்தான்.

பனியைத் தள்ளத் தள்ள எனக்குச் சென்னைத் தாம்பரத்தை அடுத்த எங்கள் முடிச்சூர் நினைவுதான்.

இதே வாரம் இந்நாட்டின் கிழக்கே, சாங்க்ட் போல்ட்டன் பக்கம், சில இடங்களில் ஐந்து நாளில் 40 செ.மீ. அளவுக்கு மழை. கீழ் ஆஸ்திரியா மாநிலம் முழுவதையும் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரம் 49 செ.மீ. மழையை 24 மணி நேரத்தில் வாங்கியது! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு வந்தது. மாடி இருந்த வீடுகளெல்லாம் மாடி இல்லாதவர்களுக்குத் திறந்தன. அரிசி யாருடையது, அடுப்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் மனை எல்லைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் பனியைத் தொடாத இந்த ஊருக்கு அந்த மனம் வராது. இதை நான் எங்கும் சொல்வேன்.

ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு? அந்த மனம் கால்வாய்ப் பக்கம் திரும்பவில்லை.

நான் இருக்கும் மேற்கு ஆஸ்திரியா இந்த முறை தப்பியதில் பனிக்குப் பெரிய பங்கு உண்டு. மழையாக இறங்கியிருக்க வேண்டியது மலையிலேயே பனியாகத் தங்கிவிட்டது, ஆறுகள் தாங்கின. நம் தாம்பரம் பக்கத்துப் பச்சைமலையில் பனி விழாது. நமக்கு ஏரிதான் அந்தப் பனி. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பினால் உபரி அடையாற்றுக்குப் போக வேண்டும். கிழக்கே சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. ஓர் ஏரியின் உபரி வழியும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை போகும் கால்வாய்தான் எல்லாம். அதில் வீடு கட்டினோம், மண் கொட்டினோம், மீதியில் குப்பை போட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம் மறுபடி மூழ்கின.

பங்கு பிரித்து வேலை செய்வது நமக்குத் தெரியாததில்லை. குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை கட்டிய ஊர்கள்தாம் நம்முடையவை. வெள்ளைக்காரன் 1858-இல் அதைச் சட்டமாகவே எழுதினான். 2017 மார்ச்சில் தமிழக அரசு அந்தப் பெயரில் திட்டம் தொடங்கியது, நம் மணிமங்கலத்தில்தான். ஏரி தூர் வாரப் பணம் வந்தது, நல்லது. ஆனால் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எந்த வீட்டுக்கு எத்தனை அடி கால்வாய் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தம்பிக்கு எழுதியிருக்கிறேன்: நம் தெரு முனையிலிருந்து அடையாறு வரை கால்வாயோரம் இருக்கிற வீடுகளை வரிசையாகக் குறித்துக்கொள், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே எத்தனை அடி என்று அளந்து நலச்சங்கத்தில் கொடு, முதல் பெயராக நம் வீட்டை எழுது.