கழுத்து வச்ச தக்காளி யார் பக்கத்துலேருந்து வந்துச்சு?

கொஞ்சம் நீளமான த்ரெட். தக்காளியில ஆரம்பிக்கிறேன், ஆனா தக்காளியோட முடியாது.

எங்க மொட்டை மாடியில ரெண்டு வகைத் தக்காளி இருக்கு. ஒண்ணு சாதாரண உருண்டை. இன்னொண்ணு மஞ்சளா, கழுத்து ஒடுங்கி, குட்டிப் பேரிக்காய் மாதிரி. ஒரு தடவை விபரீத ஆசை. உருண்டைச் செடியில மறுநாள் விரியப்போற மொட்டாப் பார்த்து, ஃபோர்செப்ஸால மகரந்தப் பைகளை உருவிட்டு, பேரிக்காய்ச் செடியோட மகரந்தத்தைத் தடவி விட்டேன். (குழந்தை மருத்துவன் நான். ஹவுஸ் சர்ஜனா இருந்ததுக்கு அப்புறம் இவ்வளவு நடுங்கி எதுவும் செஞ்சதில்ல.)

அந்த விதையில வந்த செடி அத்தனையும் உருண்டைக் காய்தான். பேரிக்காய் ஜாடையே இல்ல. அந்தப் பழத்து விதையை மறுபடி போட்டேன். 11 செடி பிழைச்சது. 9ல உருண்டை, 2ல கழுத்து! கணக்குப்படி நாலுக்கு ஒண்ணு. இத்தனூண்டு தோட்டத்துல முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். கழுத்து வந்த ரெண்டுமே சிவப்பு. ஏன்னா மஞ்சள் வேற ஜீன், அது தன் வழியில தனியாப் பிரிஞ்சு போகும்.

கழுத்துக்குக் காரணம் 2ஆவது குரோமோசோம்ல இருக்கிற ஓவேட்ங்கிற ஜீன். 2002ல பிடிச்சாங்க. காய் அதிகமா நீண்டுடாமக் கட்டுப்படுத்துற புரதத்தோட குறிப்பு அது. பேரிக்காய் வகையில அந்தக் குறிப்புல ஒரே ஒரு எழுத்து மாறி, முடிய வேண்டிய இடத்துக்கு முன்னாடியே 'நிறுத்து'ன்னு வந்துடுது. புரதம் அரைகுறை. ஆனா ஒவ்வொரு செடியிலயும் ஜீனுக்கு ரெண்டு பிரதி. ஒண்ணு நல்லா இருந்தாப் போதும், காய் உருண்டைதான். ரெண்டும் கெட்டாத்தான் கழுத்து.

அப்பவும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி வராது. என் ரெண்டு செடியில ஒண்ணு அழகான பேரிக்காய், இன்னொண்ணு சும்மா முட்டை மாதிரி. கூட இருக்கிற மத்த ஜீன்களும் கையை வைக்கும். இதே மாற்றத்தை வச்சுக்கிட்டு ஏறக்குறைய உருண்டையாவே காய்க்கிற வகைகளும் உண்டு.

நீளத் தக்காளி எல்லாமே ஓவேட்னும் நினைச்சுடாதீங்க. சன்னு இன்னொரு ஜீன். குரோமோசோம்ல தாவித் திரியற ஒரு டி.என்.ஏ. துண்டு, அதை 10ஆவது குரோமோசோம்லேருந்து காப்பி எடுத்து 7ஆவதுல ஒட்டிட்டுப் போயிடுச்சு. புது இடத்துல அது அளவுக்கு மீறி வேலை செய்யுது, காய் நீளுது. 2008ல வெளிவந்த கண்டுபிடிப்பு. அங்க குறைவால நீளம், இங்க மிகையால நீளம். நம்ம தொழில்ல தினம் பார்க்கிற கதைதான்: ஒரே அறிகுறி, வேற வேற நோய்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அடையாளம் தெரியாம சிலதை மாத்தியிருக்கேன்.

பல வருஷம் முன்னாடி ஒரு 9 மாசக் குழந்தை. வெளிறிப் போய், மண்ணீரல் வீங்கி. பீட்டா தலசீமியா மேஜர். அம்மாவும் மாமியாரும்தான் கூட வந்தாங்க, அப்பா வெளிநாட்டுல. அம்மாவோட ரத்தத்தைப் பார்த்தேன், ஹீமோகுளோபின் ஏ2 அதிகம். கேரியர். வார்டு வாசல்ல நின்னு, அவசரத்துல சொன்னேன்: "அம்மாகிட்டேருந்து வந்திருக்கு. அப்பாவையும் பார்க்கணும்."

முதல் வாக்கியம் மட்டும்தான் வீட்டுக்குப் போச்சு.

அதுக்கப்புறம் ரத்தம் ஏத்த மாமியார் மட்டும்தான் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. மூணாவது தடவைதான் கேட்டேன், அம்மா எங்கேன்னு. "அவ பொறந்த வீட்டுக்குப் போயிட்டா சார். அவங்க ரத்தம்தானே."

இந்த நோய் வர ரெண்டு பிரதியும் கெட்டிருக்கணும். ஒண்ணு அம்மா, ஒண்ணு அப்பா. இந்தியாவுல பார்க்கிற பீட்டா தலசீமியா மாற்றங்கள்ல ஒண்ணு, அச்சு அசலா என் தக்காளி மாதிரி, ஒரு எழுத்து மாறி பாதியிலயே 'நிறுத்து'. கேரியரைப் பார்த்தாத் தெரியாது, பெரும்பாலும் லேசான சோகையோட முடிஞ்சிடும். என் 9 உருண்டைச் செடியிலயும் எது கேரியர்னு கண்ணால சொல்ல முடியாது.

அப்பா லீவுல வந்தப்ப ரத்தம் எடுத்தோம். அவருக்கும் ஏ2 அதிகம். மாமியாரை உட்கார வச்சுச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "அப்ப அவனுக்கு யாருகிட்டேருந்து சார்?"னு கேட்டாங்க. அவங்ககிட்டயா, அவங்க வீட்டுக்காரர்கிட்டயான்னு சொல்ல டெஸ்ட் பண்ணணும். வேண்டாம்னுட்டாங்க. நானும் வற்புறுத்தல.

இப்பல்லாம் ஒருத்தர் ரிசல்ட்டைத் தனியாச் சொல்றதில்ல. கணவன், மனைவி ரெண்டு பேரும் வந்தப்புறம்தான் கவரைப் பிரிப்பேன். ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 25 சதவீத வாய்ப்பு, ஆரம்ப மாசங்கள்லயே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்னு சொல்வேன். போன்ல தக்காளிப் படம் காட்டுவேன். ரெண்டு உருண்டை, ஒரு கழுத்து. நீங்க கல்யாணத்துக்கு முன்னாடியோ, கர்ப்பத்தோட தொடக்கத்துலயோ இருந்தா இந்த ரத்தப் பரிசோதனையைப் பண்ணிடுங்க. ஜாதகம் பார்க்கிறதை விடச் சீக்கிரம் முடியும்.

அந்த அம்மா திரும்பி வந்துட்டாங்க. குழந்தை இப்ப ஸ்கூலுக்குப் போறான், மூணு வாரத்துக்கு ஒருக்க ரத்தம் ஏத்திக்கிறான். அவங்க இன்னும் என்கிட்ட நேராப் பேசறதில்ல. எது கேட்கணும்னாலும் சிஸ்டர்கிட்டதான் கேட்பாங்க.